ஏற மறுத்த குதிரை

"கொள்ளென்றால் வாய் திறக்கும், கடிவாளமென்றால் வாய் மூடும்" என்று குதிரையைக் குறித்து ஒரு பழமொழி தமிழ்நாட்டில் வழங்குகிறது. பயன் வரும்போது முன்வந்து, கடமை வரும்போது ஒதுங்கிக்கொள்ளும் மனிதரை இடித்துரைக்க இதனைச் சொல்வர். மனிதருக்கு அது பொருந்தலாம். குதிரையின் மேல் அப்பழியைச் சுமத்தியது நேர்மைதானா என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. கொள்ளு ஒரு நாள் வயிற்றை நிறைத்தது; கடிவாளத்தின் இரும்பு ஒரு நாள் வாயைப் புண்ணாக்கியது. அவ்விரண்டையும் மறவாத விலங்கு, ஒன்றைக் கண்டு வாய் திறப்பதும் மற்றொன்றைக் கண்டு வாய் மூடுவதும் தன்னலமன்று, நினைவாற்றலே ஆகும்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் செல்லும் சாலையின் இரு மருங்கிலும் கரிசல் நிலம் பரந்து கிடக்கிறது. மழைக்காலத்தில் காலை விடாது பற்றும் அம்மண், கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் அந்நிலப்பகுதியில், ஊரெல்லை தோறும் ஐயனார் கோயில்களையும், அவற்றின் முன்னே கழுத்தை நிமிர்த்தி நிற்கும் சுடுமண் குதிரைகளையும் காணலாம். மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்று மனிதனை எச்சரிக்கும் பழமொழியும் உண்டு. அது ஆற்றிடையே தோன்றும் மண்குதிரைக் குறித்தது என்றும், 'குதிர்' என்பதே 'குதிரை' என மருவிற்று என்றும் உரைப்பாரும் உளர். எது எவ்வாறாயினும், உயிருள்ள குதிரை மனிதனை நம்பி எங்கே இறங்கலாம், எதில் ஏறலாம் என்பதைப் பற்றிப் பழமொழி ஏதும் இல்லை.

உயிருள்ள குதிரைகள் இப்பகுதியில் இன்று மிகச் சில. பெரம்பலூருக்கு வடக்கே நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் ரஞ்சன்குடிக் கோட்டையின் மதில்கள் குதிரைப்படைகளைக் கண்டவை. ஆர்க்காட்டு நவாபுப் பதவிக்குப் போட்டியிட்டவர்களின் படைகள், ஆங்கிலேயர் ஒரு பக்கமும் பிரெஞ்சுக்காரர் மறுபக்கமும் துணைநிற்க, 1751ஆம் ஆண்டில் வாலிகண்டபுரத்தருகே மோதின. அக்குதிரைகள் தம் கால்களாலேயே போர்க்களம் வந்து சேர்ந்தன. இன்று எஞ்சியிருக்கும் குதிரைகளோ திருமண ஊர்வலத்திற்கும் கோயில் விழாவிற்கும் உரியவை. வளர்ப்பவரின் விருப்பம் ஒன்றே காரணமாக வளர்வனவும் உண்டு. அவற்றை வளர்ப்போர் ஆண்டு முழுவதும் எதிர்நோக்குவது, ஆடி மாதத்தில் ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் விழாவை ஒட்டிக் கூடும் குதிரைச் சந்தையை. பெரம்பலூரிலிருந்து வேப்பந்தட்டை, ஆத்தூர், சேலம், பவானி வழியாக அந்தியூர் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தொலைவு. அவ்வளவு தொலைவைக் குதிரை இக்காலத்தில் நடந்து கடப்பதில்லை. வண்டியில் ஏறித்தான் செல்லவேண்டும். தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது.

குன்னத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் முதியவர் ஒருவர் செந்நிறப் பெண்குதிரை ஒன்றை வளர்த்து வந்தார். ஐந்து வயது நிரம்பியது. சேணத்திற்கும் கடிவாளத்திற்கும் நன்கு பழகியது. சிறுவர்கள் பிடரியைத் தடவினாலும் அசையாது நிற்கும். ஆனி மாதத்தில் ஒரு நாள், முதியவர் ஊரில் இல்லாத வேளையில், அதனைக் கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டிய தேவை நேர்ந்தது. பதினைந்து வயதுப் பேரன் சிறிய சரக்கு வண்டி ஒன்றை வரவழைத்தான். குதிரை வண்டியின் வாயில் வரை வந்தது, நின்றது, மூச்சைச் சீறி விட்டது. முன்னே இருவர் கயிற்றைப் பிடித்து இழுத்தனர். பின்னே இருவர் தள்ளினர். பேரன் கையிலிருந்த குச்சியால் இரண்டு அடி கொடுத்தான். குதிரை பாய்ந்து ஏறியது. ஏறிய வேகத்தில் தலையைத் தூக்க, கூரைக்கம்பியில் நெற்றி மோதிக் குருதி வழிந்தது. மறுகணமே அது பின்னோக்கிப் பாய்ந்து தரையில் விழுந்து எழுந்து, வயலைத் தாண்டி ஓடிற்று. மருத்துவரைத்தான் பிறகு குதிரையிடம் அழைத்து வரவேண்டியதாயிற்று.

நெற்றிப்புண் பத்து நாளில் ஆறிவிட்டது. ஆனால், அன்றுமுதல் சாலையில் சரக்கு வண்டியின் ஓசை கேட்டாலே குதிரையின் காதுகள் பின்னோக்கி மடிந்தன, உடல் வியர்த்தது. ஆடி விழாவிற்கோ ஒரு மாதமே இருந்தது.

குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்தவை. தலையைத் திருப்பாமலே தன்னைச் சுற்றி ஏறக்குறைய 350 பாகை அளவிற்கு அது காணவல்லது. நெற்றிக்கு நேர் முன்னே ஒரு சிற்றிடமும் வாலுக்கு நேர் பின்னே ஒரு சிற்றிடமும் மட்டுமே அதன் பார்வைக்கு எட்டாதவை. வண்டியில் ஏற்றுவோர் பெரும்பாலும் நிற்பதும் கத்துவதும் அவ்விரண்டு இடங்களில்தான். வெயிலிலிருந்து இருளுக்குள் புகுந்தால் அதன் கண் தெளிய மனிதரின் கண்ணைவிட மிகுதியான நேரம் ஆகும். ஆதலின், படுதா போர்த்திய வண்டியின் உட்புறம் மனிதனுக்கு வண்டியாகத் தோன்றினும் குதிரைக்குக் குகையாகவே தோன்றும். குகைக்குள் எது பதுங்கியிருக்கும் என்பதை அதன் முன்னோர் பல்லாயிரம் ஆண்டுகளாக அறிந்து வந்தனர்.

மாட்டிற்குக் கொம்பு உண்டு. நாய்க்குப் பல் உண்டு. குதிரைக்கு வாய்த்த முதற்பெரும் காவல் ஓட்டமே. வண்டி அந்த ஓட்டத்தைப் பறித்துக்கொள்கிறது. கூட்டமாக வாழும் விலங்கை அது தனிமைப்படுத்துகிறது. காலடியில் தரை அசையக் கூடாது என்பது குதிரையின் உறுதியான எண்ணம், வண்டியின் தளமோ குளம்பு பட்டால் முரசுபோல் அதிர்கிறது, ஓடும்போது ஆடுகிறது. இவ்வளவையும் எண்ணிப் பார்த்தால், குதிரைகள் வண்டியில் ஏற மறுப்பது வியப்பன்று. எவையேனும் ஏறுகின்றனவே, அதுதான் வியப்பு.

குதிரையை விலை கொடுத்து வாங்குவதில் தமிழ்நாடு என்றும் பின்தங்கியதில்லை. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் கடல்வழியாகக் குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகிறது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் 'குதிரைச் செட்டிகள்' என்னும் வணிகர் இடம்பெறுகின்றனர். இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள கங்கைகொண்ட சோழபுரம் தலைநகர்ச் சிறப்பை இழந்து, பாண்டியர் கை ஓங்கியபின், இவ்வணிகம் பன்மடங்கு பெருகியது. பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் எழுதிவைத்த கணக்கு வியப்புக்குரியது. பாரசீக வளைகுடாவின் கிஷ் தீவிலிருந்து ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் பாண்டிய நாட்டிற்கு அனுப்பப்படவேண்டும். குதிரை ஒன்றுக்கு விலை 220 பொன் தினார். கடல்வழியில் இறந்துபோகும் குதிரைக்கும் அரசன் கருவூலத்திலிருந்து விலை தரவேண்டும். இவ்வாறு ஒப்பந்தம் இருந்ததாக அவர் கூறுகிறார். அந்தக் கடைசி வரி ஒன்றே போதும், மரக்கலத்தின் வயிற்றில் கட்டிவைக்கப்பட்ட குதிரைகளின் பயணம் எத்தகையது என்பதை உணர்த்த. மாண்டவற்றின் தொகையை முன்னதாகவே கணக்கில் எழுதிவிட்டார்கள் அல்லவா?

கரை சேர்ந்தவற்றின் நிலையும் அதைவிடப் பெரிதும் மேம்பட்டதன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடற்கரைக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, அரசர் ஆண்டுதோறும் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும், பேணத் தெரியாமையே அதற்குக் காரணம் என்றும் எழுதினார். வறுத்த தானியத்தை நெய்யிட்டுக் கொடுத்ததையும், காய்ச்சிய பால் புகட்டியதையும், நாற்பது நாள் முளையடித்துக் கட்டிவைத்துப் பின் பயிற்சியின்றிப் போர்வீரர் ஏறியதையும் வசாப் சொல்கிறார். அயலவர் கூற்றில் மிகை இருக்கலாம். நம் நாட்டு வெப்பமும் தீவனமும் பாலைநிலத்துக் குதிரைக்கு ஒவ்வாமற் போயிருக்கவும் கூடும். எனினும், நெய்யும் பாலும் அன்பில்லாதவர் கொடுப்பவை அல்ல. அன்பு நிறைய இருந்தது. குதிரைக்கு எது வேண்டும் என்னும் அறிவு மட்டும் அந்த அன்போடு சேரவில்லை.

குன்னத்துப் பெரியவர் வரலாறு படித்தவரல்லர். ஊர் திரும்பி நடந்ததை அறிந்ததும் அவர் பேரனைக் கடியவில்லை. குதிரையின் நெற்றியை நெடுநேரம் பார்த்தார்.

"தாத்தா, அன்றைக்கு அது வேண்டுமென்றே பிடிவாதம் செய்தது. அதனால்தான் அடித்தேன்" என்றான் பேரன்.

"தம்பி, அது பயந்தது. நீ அடித்தாய். அடித்தது நீ என்று அதற்குத் தெரியாது. வண்டிதான் அடித்தது என்று எண்ணிக்கொண்டது. இனி அந்த எண்ணத்தை நாம்தான் மாற்றவேண்டும்."

இதே கருத்தை 2,300 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க நாட்டில் செனபோன் என்னும் படைத்தலைவர் குதிரையேற்றம் பற்றிய தம் நூலில் எழுதி வைத்திருக்கிறார். அஞ்சும் பொருளின் அருகே குதிரையை அடித்துக் கொண்டு செல்வோர் அதன் அச்சத்தை வளர்க்கின்றனர். அடியின் வலி அப்பொருளால் விளைந்ததென்றே குதிரை கருதும். ஆகையால், அப்பொருளை முதலில் மனிதனே தொட்டுக்காட்டி மெல்ல அருகழைத்துச் செல்லவேண்டும் என்பது அவர் அறிவுரை. சினத்தோடு குதிரையை ஒருபோதும் அணுகலாகாது என்றும் அவர் வற்புறுத்துகிறார். கிரேக்கப் படைத்தலைவரும் கரிசற்காட்டுக் குடியானவரும் ஒரே சொல்லைச் சொன்னதற்குக் காரணம் வேறொன்றுமில்லை. இருவருக்கும் ஆசிரியர் குதிரையே.

அவ்வூரில் லாரி வைத்திருந்த இளைஞர் ஒருவர் பகலில் மக்காச்சோள மூட்டைகள் ஏற்றிச் சென்று, மாலையில் வண்டியைக் களத்துமேட்டில் நிறுத்துவது வழக்கம். அந்தியூர்ப் பயணத்திற்கு அந்த லாரியையே பெரியவர் பேசி முடித்தார். உயர்ந்த கூடு உடையது. குதிரை தலை தூக்கினாலும் இடிக்காது. பயணத்திற்கு இருபது நாள் முன்னதாகவே மாலைதோறும் வண்டியைத் தம் கொல்லையருகே நிறுத்தும்படி அவர் கேட்டது இளைஞருக்குப் புதுமையாக இருந்தது.

"பெரியவரே, நாலு பேர் சேர்ந்து தள்ளினால் அரை நாழிகையில் ஏறிவிடும். இதற்கு இருபது நாளா?"

"தள்ளினால் ஏறும், தம்பி. அடுத்த முறை எட்டுப் பேர் வேண்டும். அதற்கடுத்த முறை ஊரே வந்தாலும் ஏறாது."

முதல் வேலையாகப் படுதாவை முற்றும் நீக்கினர். வண்டிக்குள் வெளிச்சம் பரவியது. பின்கதவில் தொங்கிய சங்கிலி காற்றில் அசைந்து ஒலித்தது. அதில் பழந்துணி சுற்றப்பட்டது. தளத்தின்மேல் தென்னைநார்ப் பாய் விரித்து அதன்மேல் வைக்கோல் பரப்பினர். வழுக்கலும் குறைந்தது, முரசொலியும் அடங்கியது. கொல்லையின் ஓரத்து மண்மேட்டை ஒட்டிப் பின்பக்கம் வருமாறு வண்டியை நிறுத்தி, இடைவெளியில் கனமான ஏறுபலகை இட்டனர். பலகை ஆடுகிறதா என்று பெரியவர் தாமே பலமுறை ஏறி மிதித்துப் பார்த்தார். நானூறு கிலோகிராம் எடையுள்ள விலங்கின் நம்பிக்கை முழுவதும் அந்த ஒரு பலகையின்மேல் நிற்கப்போகிறது. அது ஒருமுறை நெகிழ்ந்தால் பிறகு பலகையைப் பற்றிப் பேச்சே இல்லை.

முதல் நாள் குதிரையை வண்டியிலிருந்து இருபது அடி தள்ளி நிறுத்தி, அங்கேயே ஊறவைத்த கொள்ளை ஊட்டினார். அவ்வளவுதான், லாயத்திற்குத் திரும்பினர். மறுநாள் பதினைந்து அடி. ஐந்தாம் நாள் குதிரை பலகையின் ஓரத்தில் நின்று கொள்ளு தின்றது. ஆறாம் நாள் தானாகவே முன்னங்கால் ஒன்றைப் பலகைமேல் வைத்தது. பேரனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கயிற்றை முன்னே இழுக்கக் கை நீட்டினான். பெரியவர் அவன் கையைத் தடுத்து, கயிற்றைத் தளர்த்தி, குதிரையைப் பின்னே வரவிட்டார். ஏறக் கற்பிக்குமுன் இறங்கக் கற்பிக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. விரும்பியபோது வெளியே வரலாம் என்று அறிந்த குதிரை உள்ளே போக அஞ்சாது. 

காலையில் ஒருநாள் பயிற்சி அளித்தபோது ஏறுபலகைமேல் வேப்பமரத்தின் நிழலும் குதிரையின் நிழலும் சேர்ந்து அசைந்தன, குதிரை பின்வாங்கியது. அதுமுதல் மாலை வேளையிலேயே, நிழல் பின்னே விழுமாறு மேற்கு நோக்கி வண்டியை நிறுத்தினர். மாசிடோனியா நாட்டுச் சிறுவன் அலெக்சாந்தர், எவர்க்கும் அடங்காத பூசெபலசு என்னும் குதிரை தன் நிழலைக் கண்டே மிரள்கிறது என்பதைக் கண்டறிந்து, அதன் முகத்தைக் கதிரவனை நோக்கித் திருப்பி அடக்கினான் என்று புளூட்டார்க்கு கூறுவது இங்கே நினைவிற்கு வரும். உலகை வென்ற வீரனின் முதல் வெற்றி அது என்பர். குதிரை எதைப் பார்க்கிறது என்று பார்த்ததே அவன் செய்ததெல்லாம்.

பத்தாம் நாள் எல்லாம் கெட்டது. குதிரை இரு முன்னங்கால்களையும் உள்ளே வைத்து நின்ற வேளையில் இடி இடித்தது. அது நிலை தவறிப் பின்னே பாய்ந்தது. நல்வாய்ப்பாக மேடு அகலமாயிருந்ததால் விழவில்லை. அன்று இரவு லாரி இளைஞர், "இனி நம்பிப் பயனில்லை, பெரியவரே" என்றார். பெரியவர் விடை சொல்லவில்லை. மறுநாள் மீண்டும் இருபது அடி தள்ளி நின்று கொள்ளு ஊட்டினார். இம்முறை ஆறு நாள் செய்த வேலை இரண்டே நாளில் முடிந்தது.

பக்கத்து ஊரில் திருமண ஊர்வலங்களுக்குச் செல்லும் வெள்ளைக் கிழக்குதிரை ஒன்று இருந்தது. எத்தனையோ முறை வண்டி ஏறி இறங்கிய அனுபவசாலி. அதனையும் அந்தியூருக்கு உடன் அழைத்துச் செல்ல ஏற்பாடாயிற்று. அது சோம்பலாக ஏறி, வண்டிக்குள் நின்று வைக்கோலை மென்றுகொண்டிருந்தது. செங்குதிரை அதனைப் பார்த்தது, கழுத்தை நீட்டி மோந்தது, மெல்லக் கனைத்தது, பின்பு ஏறிவிட்டது. பெரியவரின் பதினான்கு நாள் உழைப்பில் எவ்வளவு பங்கு, கிழக்குதிரையின் சோம்பலில் எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல இயலாது.

குதிரைக்குத் துணை வேண்டும் என்பது வண்டிப் பயணத்தின் தொடக்கத்திலேயே அறியப்பட்ட செய்தி. 1836ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், ஜார்ஜ் பெண்டிங் பிரபு தம் பந்தயக்குதிரை எலிசைத் தென்கோடியிலிருந்து வடக்கே டான்காஸ்டர் நகர்க்கு நடத்திச் செல்லாமல், உட்புறம் மெத்தை தைத்த வண்டி ஒன்றில் ஏற்றி, வேறு குதிரைகள் இழுக்கக் கொண்டு சென்றார். அக்காலத்தில் பந்தயக்குதிரைகள் நடந்தே பந்தயத்திற்குச் செல்லும். சில நாள் முன்வரை குதிரையைத் தெற்கே கண்டவர்கள், அது உரிய நாளில் வந்து சேராது என்று உறுதியாக எண்ணியிருந்தனர். எலிசோ களைப்பின்றி வந்திறங்கிப் புகழ்பெற்ற செயின்ட் லெஜர் பந்தயத்தை வென்றது. அவ்வண்டியில் அது தனியே செல்லவில்லை. துணைக்கு மற்றொரு குதிரையும் சென்றது.

வண்டி நின்றபடி இருக்கும்போது உள்ளே உண்ணப் பழகியபின், எஞ்சினை இயக்கிப் பழக்கினர். பிறகு பத்தடி தூரம். பிறகு ஊரைச் சுற்றி ஒரு வலம். ஒவ்வொரு முறையும் குதிரை இறங்கியது தன் லாயத்தின் வாயிலிலேயே. லாரி இளைஞருக்கும் பெரியவர் ஒரு பாடம் வைத்திருந்தார். ஓர் மாலையில் பேரனை வண்டி ஓட்டியின் அருகே அமர்த்தாமல், ஓட்டுபவரையே பின்னால் ஏற்றி, கையால் எதனையும் பற்றாமல் நிற்கச் சொல்லி, வேறொருவரைக் கொண்டு வண்டியை ஓட்டச் செய்தார். இரண்டு திருப்பங்களும் ஒரு வேகத்தடையும் கடந்தபோது இளைஞர் வைக்கோலில் விழுந்து கிடந்தார். குதிரைக்கும் கை இல்லை.

நம் நாட்டில் இதற்கென விதிகள் உண்டு என்பது பலர் அறியாதது. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1978ஆம் ஆண்டில் விலங்குகளின் போக்குவரத்து விதிகள் வகுக்கப்பட்டன. பயணத்திற்கு ஏற்ற உடல்நிலை உண்டென்று கால்நடை மருத்துவர் சான்று தரவேண்டும். ஏற்றவும் இறக்கவும் சாய்தளம் வேண்டும். தளத்தில் வழுக்காத விரிப்பு வேண்டும். குதிரைகளுக்கு இடையே எட்டுச் செண்டிமீட்டர் பருமனுக்குக் குறையாத மூங்கிற்கழி கட்டவேண்டும். உடன் ஓர் ஆள் செல்லவேண்டும். மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகம் கூடாது. இவற்றுள் மிக நுட்பமானது வேறொன்று: குதிரைகளின் தலை இடப்புறம் நோக்கியிருக்கவேண்டும் என்பது. இடப்பக்கமாகச் செல்லும் நம் சாலைகளில் எதிரே வரும் வண்டிகளும் முந்திச் செல்லும் வண்டிகளும் வலப்புறத்தில்தான் சீறிப் பாய்கின்றன. அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் புழுதி கிளப்பிச் செல்வதைக் கண்டவர்க்கு இவ்விதியின் அருமை விளங்கும். தை மாதத்தில் இதே சாலைகளில் சல்லிக்கட்டுக் காளைகள் வண்டியேறிச் செல்கின்றன. மாடுகள் எஞ்சினை நோக்கி நிற்பது நலம் என்று அதே விதிகள் கூறுகின்றன.

பயண நாளன்று விடியுமுன்பே புறப்பட்டனர். கிழக்குதிரை முதலில் ஏறியது. செங்குதிரை அதன்பின் ஏறியது. முதலில் பின்னே குறுக்குக்கழி செருகி, அதன் பிறகே தலைக்கயிறு கட்டினார் பெரியவர். வரிசை மாறினால், கட்டுண்ட குதிரை பின்வாங்கும்போது கழுத்து நெரிந்து கலவரமடையும். இறக்கும்போது இதற்கு மாறாக, கயிற்றை அவிழ்த்தபின்பே கழியை உருவவேண்டும். கயிற்றில் இட்டது, முனையை இழுத்தால் உடனே அவிழும் முடிச்சு. குதிரை தலையைத் தாழ்த்த இயலுமாறு அதன் நீளம் அமைந்தது. தலையை உயர்த்தியே பல மணி நேரம் கட்டிவைத்தால் மூச்சுக்குழாயில் சேரும் தூசும் கிருமியும் வெளியேற வழியின்றி நுரையீரலைத் தாக்கும். நெடும்பயணம் செய்த குதிரைகள் காய்ச்சல் கண்டு மடிவதற்கு இது ஒரு காரணம் என்பது இக்காலத்து ஆய்வாளர் தெளிந்த உண்மை. கிணற்று நீரையும் குடங்களில் ஏற்றிக்கொண்டனர். அயலூர் நீரின் சுவை மாறினால் தாகத்தோடு நின்றாலும் குடிக்க மறுக்கும் குதிரைகள் பல.

35 கிலோமீட்டர் வேகத்தில் 200 கிலோமீட்டர் என்பது ஓட்டத்திற்கே ஏறக்குறைய ஆறு மணி நேரம். பின்னால் வந்த பேருந்துகள் எல்லாம் ஒலியெழுப்பி முந்திச் சென்றன. ஆத்தூரைக் கடந்ததும் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி நீர் காட்டினர். செங்குதிரையின் விலாவைத் தொட்டுப் பார்த்தான் பேரன். ஈரம் இருந்தது, ஆனால் நடுக்கம் இல்லை. சங்ககிரியை நெருங்கும்போது லாரி ஒன்று மிக அருகில் வந்து பேரொலி எழுப்பியது. செங்குதிரை தலையைச் சட்டென்று தூக்கியது, காதுகள் மடிந்தன. கிழக்குதிரை மெல்லுவதை நிறுத்தவேயில்லை. பேரன் கழியின் இடையே கை நீட்டிப் பிடரியைத் தடவியபடி, தாத்தா கொள்ளு ஊட்டும்போது எழுப்பும் அதே ஓசையை நாவால் எழுப்பினான். சிறிது நேரத்தில் காதுகள் நிமிர்ந்தன, தலை தாழ்ந்தது, வைக்கோலில் எதையோ தேடியது.

அந்தியூரில் ஆயிரக்கணக்கான மக்கள் கூடியிருந்தனர். கத்தியவார், மார்வார் நாட்டுக் குதிரைகளின் வளைந்த காதுகளைக் கண்டு வியந்தவாறு மூன்று நாள் தங்கினர். செங்குதிரையை நல்ல விலைக்குக் கேட்டவரும் உண்டு. பெரியவர் சிரித்து மறுத்துவிட்டார்.

திரும்பும் நாளன்று வண்டியை ஒரு மேட்டின் ஓரத்தில் நிறுத்தினர். புதிய இடம், பறையொலி கேட்டுக்கொண்டிருந்தது, சுற்றிலும் ஆட்கள். கிழக்குதிரை ஏறியது. செங்குதிரை பலகையின் அருகே வந்து நின்றுவிட்டது. சுற்றி நின்றவருள் ஒருவர் கழி ஒன்றை எடுத்துக்கொண்டு உதவ முன்வந்தார். பேரன் பணிவோடு அவரைத் தடுத்து விலகி நிற்கச் சொன்னான். பின்பு கயிற்றைத் தளர்த்திக் கொடுத்தான். லாரி இளைஞர் எவரும் சொல்லாமலே எஞ்சினை அணைத்தார். இறங்கி வந்து வேப்பமரத்தடியில் துண்டை விரித்து அமர்ந்தார்.